கடைக்குட்டியின் மூச்சை எண்ணிய கதை

அன்புள்ள மகனுக்கு, உன் அம்மா மடியில் பிள்ளையும் வாயில் சேதியுமாக உட்கார்ந்து சொல்லச் சொல்ல, உன் தங்கை எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம், நாங்களும் சுகமாகிவிட்டோம். "இருக்கோம்னு எழுதாம ஆகிட்டோம்னு ஏண்டி எழுதினே, அவன் பயந்துடுவானே" என்று அம்மா முதல் வரியிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். பயப்படாதே அண்ணா. பயப்படவேண்டியதெல்லாம் போன வியாழக்கிழமையே நடந்து முடிந்து, நாங்களே உன் பங்கையும் சேர்த்துப் பயந்துவிட்டோம். அம்மா சொல்வதை அப்படியே எழுதினால் பாதிக் காகிதம் "அப்புறம் பாரு" என்பதிலேயே தீர்ந்துவிடும் என்பதால் நான் என் வாக்கியத்தில்தான் எழுதுகிறேன். இதில் "நான்" என்று வந்தால் அது நான், உன் தங்கை. சேதியும் கவலையும் திட்டும் அம்மாவுடையவை, எழுத்துப்பிழை மட்டும் என் சொந்தச் சொத்து.

முதலில் கடைச் சேதி. அப்பா ஸ்டூடியோவுக்கு ஒரு புதுத் திரை வாங்கியிருக்கிறார், அருவி வரைந்தது. அதன் முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் தலை துவட்ட மறந்தவர்கள் மாதிரி படத்தில் விழுகிறார்கள், அப்பாவோ இயற்கை இயற்கை என்கிறார். போன மாதம் கடைக் கதவில் "இன்று விடுமுறை" என்று யாரோ ஒரு சீட்டு ஒட்டிவிட, அப்பா உள்ளே மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு, ஊரில் ஒருத்தருக்கும் முகமே இல்லாமல் போய்விட்டதா என்று அம்மாவிடம் கேட்டாராம். சீட்டில் இருந்த கையெழுத்தும் இந்தக் கடிதத்தில் இருக்கிற கையெழுத்தும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதிலிருந்து நான் மழை பெய்கிறது என்று சொன்னால்கூட இந்த வீட்டில் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணி எடுக்கிறார்கள்.

அடுத்தது கடைக்குட்டி. நீ கிளம்பும்போது தவழ்ந்துகொண்டிருந்தவன், இப்போது ஒரு வயது பத்து மாதம், ஓடுகிறான், ஓடி எதிலாவது முட்டுகிறான், முட்டியதை அடிக்கிறான். கடைசியாகப் பிறந்ததாலும் கடையிலேயே வளர்வதாலும் அவனைவிடப் பொருத்தமான கடைக்குட்டி உலகத்தில் கிடையாது. தினமும் காலையில் கடை திறந்ததும் அப்பா விளக்கு வெளிச்சம் சரியா என்று பார்ப்பதற்கு அவனைத்தான் முக்காலியில் உட்காரவைக்கிறார். அப்பா கேமராவைத் தூக்குவார், அம்மா பக்கத்தில் நின்று "இங்க பாரு, இங்க பாரு" என்பாள், அவன் முதுகை நிமிர்த்தி, மோவாயை இறக்கி, முன்பல் நாலையும் காட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வான். அப்பா "ஆச்சு" என்று சொல்லும்வரை ஒரு சின்ன அசைவு இருக்காது. பெரியவர்களே கண் சிமிட்டுகிற இடத்தில் இவன் பொம்மை மாதிரி உட்காருகிறான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள். இப்போது இதை எழுதும்போது மட்டும் பூரிக்காமல், "சரி சரி, மேல எழுது" என்கிறாள். மேலே எழுதினால்தான் ஏன் என்று உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவனுக்கு மூக்கு ஒழுகியது. செவ்வாய்க்கிழமை இருமல். இருமல் என்றால் நம் வீட்டில் "இரு, பார்க்கலாம்" என்பதுதானே வழக்கம், இருந்தோம், பார்த்தோம். புதன்கிழமை உடம்பு சுட்டது, பாலை வாயில் வைத்தால் தள்ளிவிட்டான், பிஸ்கட்டைக் கையில் கொடுத்தால் வாங்கித் திரும்ப என் கையிலேயே வைத்தான். பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையை நம் வம்சத்திலேயே யாரும் கண்டதில்லை, அப்போதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். நம் தெருமுனைச் சுகாதார நிலையம் உனக்கு நினைவிருக்கும், இப்போது பார்த்தால் அசந்துபோவாய். வெள்ளையடித்து, புதுப் பலகை மாட்டி, வாசலில் இரண்டு பூந்தொட்டி வைத்து, உள்ளே நர்சை மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள். முன்பு இருந்த நர்சை வேறு ஊருக்கு மாற்றிப் பத்து மாதம் ஆகிறது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் ஒருவர் தவறாமல் வருகிறார், அம்மா அவரிடமே பிள்ளையைக் காட்டிவிட்டு வந்தாள். "இலை வாடியிருந்தா சொல்லுவேன்மா, பிள்ளையப் பத்தி எனக்கென்ன தெரியும், பெரிய நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாராம். நல்ல மனுஷர், அவர் சொன்ன வைத்தியம்தான் சரியான வைத்தியம்.

பெரிய நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வியாழக்கிழமை அப்பாவுக்கு ஒரு பள்ளிக்கூடம் முழுக்க அடையாள அட்டைப் படம் எடுக்கும் வேலை இருந்ததால் அம்மாவும் நானும்தான் போனோம். எனக்கு அன்றைக்குக் கணக்குப் பரீட்சை இருந்தது என்பது முழுக்க முழுக்கத் தற்செயல். போய் இறங்கினால் வராந்தா முழுக்கப் பிள்ளைகள், பெஞ்சுக்கு மேலே சுவரில் சாய்ந்த தலைகளின் எண்ணெய் ஒரே வரிசையாகக் கறை போட்டிருக்கிறது, டோக்கன் ஜன்னலில் ஒரு அண்ணன் உட்கார்ந்து எண்ணைக் கூப்பிடுவதைவிட "தள்ளி நில்லுங்க" என்பதை அதிகம் கூப்பிடுகிறார். எங்கள் எண் அறுபத்து மூன்று. டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார் என்று பலகை சொல்கிறது, எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை. மற்ற நாளெல்லாம் ஒரே ஒரு நர்சம்மா, அத்தனை பிள்ளைக்கும்.

அவர் வேலை செய்கிற விதத்தை நான் கதவோரமாக நின்று இரண்டு மணி நேரம் பார்த்தேன். இருமலோடு வருகிற பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு, உள்ளங்கை அளவில் கறுப்பாக ஒரு கடிகாரத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அமுக்குவார். அது டிக் டிக் என்று ஓடி ஒரு நிமிஷம் ஆனதும் கீச்சென்று கத்தும். அதற்குள் வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுவார். "ஒரு வயசுக்கு மேல அஞ்சு வயசுக்குள்ள, நாற்பதைத் தொட்டா மாத்திரை, மஞ்சள் சீட்டு. தொடலன்னா வெள்ளைச் சீட்டு, வீட்டுல வெச்சுப் பாத்துக்கலாம், மோசமானா வாங்க" என்று ஒவ்வொரு அம்மாவிடமும் ஒரே ராகத்தில் சொல்வார். கணக்குப் பரீட்சைக்குப் படித்ததில் ஒன்றும் தலையில் நிற்கவில்லை, இது மட்டும் நின்றுவிட்டது. நான் அதே ராகத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகளின் வயிற்றை எல்லாம் எண்ணிச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன், இரண்டு அம்மாக்கள் உண்மையான சீட்டு என்று நினைத்துக் கிளம்பப் போய் டோக்கன் அண்ணன் என்னைத் தள்ளி நிற்கவைத்தார்.

இதற்கிடையில் அம்மா என்ன செய்தாள் என்று கேள். நாலு பேர் பார்க்கிற இடமாம். பையிலிருந்து சீப்பை எடுத்து அவனுக்கு வகிடு எடுத்தாள், பவுடர் போட்டாள், படத்துக்கு உட்காருகிறவர்களுக்குக் கட்டிவிட நம் கடையில் வைத்திருக்கிற சிவப்பு டையைக் கட்டினாள். காலையில் கொடுத்த காய்ச்சல் மருந்தில் சூடும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அறுபத்து மூன்று என்று கூப்பிட்டு உள்ளே போனபோது அந்த அறையிலேயே நோயாளி மாதிரி இருந்தவர் நர்சம்மா ஒருத்தர்தான். பால் குடிக்கிறானா என்று கேட்டார். நேற்றிலிருந்து தொடவில்லை என்று சொல்லவேண்டிய அம்மா, "கொஞ்சம் கொஞ்சமா குடிப்பான்மா, தொந்தரவே குடுக்க மாட்டான்" என்றாள். நர்சம்மா சட்டையைத் தூக்கினார், எதிரே குனிந்தார், கறுப்புக் கடிகாரத்தை முகத்துக்கு நேராக உயர்த்தினார், அது டிக்கென்றது. அம்மாவின் வாய் சும்மா இருக்குமா, இருபது வருஷப் பழக்கம், தன்னால் வந்துவிட்டது, "இங்க பாரு, இங்க பாரு." அவ்வளவுதான். முதுகு நிமிர்ந்தது, மோவாய் இறங்கியது, நாலு பல்லும் வெளியே வந்தது, மூச்சு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. நடுநடுவே திருடன் மாதிரி கொஞ்சம் விடுவான், மறுபடி பிடிப்பான். கீச்சென்றது. முப்பத்திரண்டு. "இவ்வளவு சமத்தான பிள்ளைய இந்த நாற்காலியில நான் பாத்ததே இல்ல" என்று நர்சம்மா கன்னத்தைத் தட்டி வெள்ளைச் சீட்டு கொடுத்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ பட்டம் வாங்கின மாதிரி சீட்டைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

பஸ் நிலையத்தில் மத்தியான பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். அவன் அம்மா தோளில் தூங்கிப்போனான். சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது, எதிரே கம்பத்தில் பெரிய கடிகாரம், அதில் வினாடி முள்ளும் இருந்தது. வேறு வேலை இல்லாமல் நர்சம்மா ராகத்தில் எண்ண ஆரம்பித்தேன். ஐம்பத்தெட்டு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன், ஐம்பத்தேழு. வயிறு குட்டி நாய்க்கு அடித்துக்கொள்கிற மாதிரி அடித்துக்கொள்கிறது. அம்மா, இவனுக்கு நாற்பதைத் தாண்டி ஓடுதும்மா என்றேன். "உன் விளையாட்டுக்கு ஒரு இடம் பொருள் இல்லையாடி, அந்த அம்மா படிச்சவங்க, மெஷின் வெச்சு எண்ணிருக்காங்க" என்றாள். சத்தியம் செய்தேன். "விடுமுறைச் சீட்டு ஒட்டினப்பவும் சத்தியம்தான் பண்ணினே" என்றாள். அண்ணா, எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் அழுததை அம்மா நடிப்பு என்று நினைத்து இன்னும் திட்டினாள். கடைசியில் நீயே எண்ணு என்று அவள் கையைப் பிடித்து அவன் வயிற்றில் வைத்தேன். அம்மா எண்ணினாள். முள் பாதி வட்டம்கூட வரவில்லை, இருபத்தைந்தைத் தாண்டிவிட்டாள், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "ஏறுங்க ஏறுங்க, விட்டா சாயங்காலம்தான்" என்று கத்துகிறார், அம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். "அங்க மூச்சு கம்மியாத்தானேடி இருந்துச்சு" என்று என்னைக் கேட்கிறாள், பஸ்ஸைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள். அந்தச் சிவப்பு டை என் கண்ணில் பட்டது, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா, அவன் மூச்சு விடலம்மா, படத்துக்கு உட்கார்ந்தான் என்றேன். அம்மா படியிலிருந்து காலை எடுத்தாள். கண்டக்டர் எங்களை என்ன சொன்னார் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போனால் டோக்கன் ஜன்னல் பாதி இறங்கிவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு சீட்டுதான், வெள்ளை வாங்கியாச்சுன்னா அடுத்தது நாளைக்குத்தான், அதுதான் சட்டம் என்றார் அண்ணன். இவன் போட்டோக் கடைப் பிள்ளை, கடிகாரத்தைக் கேமரா என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டான் என்று சொன்னேன். மனுஷர் சிரித்தார் பார், நாற்காலியே சேர்ந்து சிரித்தது. சிரித்து முடித்து, "எந்தக் கடை?" என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கி ஜன்னல் வழியாக நீட்டினார். அப்பா எடுத்த படம்தான். ஒரு கண் திறந்திருக்கிறது, இன்னொன்று பாதி வழியில் யோசித்துக்கொண்டிருக்கிறது. "ஏழு வருஷம்மா. ஏழு வருஷமா இதக் கழுத்துல மாட்டிட்டுத் திரியறேன். பொண்ணு பாக்கப் போன இடத்துல அட்டையத்தான் முதல்ல பாத்தாங்க" என்றார். அம்மா அந்த நிலைமையிலும், "நீங்க அசைஞ்சிருப்பீங்க தம்பி" என்றாள். இனி இந்த ஜென்மத்தில் ஜன்னல் திறக்காது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

வாயால் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் ஜன்னல் மேடையில் இருந்த முத்திரை மைப்பெட்டியை எடுத்தேன். அவனைத் தோளிலிருந்து எழுப்பி, பெஞ்சில் உட்காரவைத்து, மைப்பெட்டியை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கினேன். காய்ச்சலில் கண் பாதி செருகியிருந்தவன், வராந்தா முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நிமிர்ந்தான், பல்லைக் காட்டினான், வயிறு அப்படியே கல்லாய் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா "ஐயோ" என்றாள். முகம் சிவந்துகொண்டே வந்தது, ஆனாலும் சிரிப்பை விடவில்லை. எனக்கே பயமாகிவிட்டது, ஆச்சு ஆச்சு என்று கத்திப் பெட்டியைக் கீழே போட்டேன். உடனே உடைந்தான், இருமல், இருமல் மேல் இருமல், வயிறு பறக்கிறது. டோக்கன் அண்ணன் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து, தானே அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார், சட்டையெல்லாம் என் தயவில் நீல மை.

நர்சம்மா அப்போதுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. "பதினாறு வருஷமா எண்ணறேன், எனக்கு எண்ணத் தெரியலையா" என்றார். பாத்திரத்தை மூடிவிட்டு மறுபடி கடிகாரத்தைத் தூக்கினார், அவன் மறுபடி படத்துக்கு உட்கார்ந்தான். இந்தத் தடவை அவர் எண்ணவில்லை, அவன் முகத்தையே பார்த்தார். கடிகாரத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "அட போக்கிரி, எனக்கே படம் காட்டறியா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்த கையோடு அம்மாவைப் பார்த்து, "பால் குடிக்கிறானா? உண்மையச் சொல்லுங்க" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, நேற்றிலிருந்து இல்லை என்றாள். அந்தப் பதிலை அவள் வாயிலிருந்து வாங்க இரண்டு சீட்டு தேவைப்பட்டது.

இப்போது அவனை எப்படி எண்ணுவது என்பதுதான் கேள்வி. டிக் சத்தம் காதில் விழக்கூடாது, கறுப்பாக எதுவும் கண்ணில் படக்கூடாது, யாரும் எதிரே குனியக்கூடாது. கடிகாரத்தை என்னிடம் கொடுத்து ஜன்னலுக்கு வெளியே நிற்கச் சொன்னார். ஆரம்பிக்கும்போது கையைத் தூக்க வேண்டும், நிமிஷம் முடிந்ததும் இறக்க வேண்டும், நர்சம்மா ரிஜிஸ்டரில் எழுதுவது மாதிரி பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் வயிற்றை எண்ணுவார். இவள் கையில் நேரத்தைக் கொடுத்தால் அதையும் ஏமாற்றிவிடுவாள் என்று பெற்ற தாயே சாட்சி சொன்னதால், எனக்குக் காவலாக டோக்கன் அண்ணன் வந்து நின்றார். முதல் தடவை வீண். நான் தும்மிவிட்டேன், கை தானாக இறங்கிவிட்டது, அண்ணன் நிமிஷம் முடிந்துவிட்டது என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டார். இரண்டாவது தடவை உள்ளே அம்மா கெடுத்தாள், பிள்ளை சிணுங்கியதும் வாய் "இங்க" என்று ஆரம்பித்துவிட்டது. நர்சம்மா அவளிடம், "அம்மா, அவன் அழட்டும். அழுது ஓயட்டும். நீங்க சிரிப்பு காட்டாதீங்க, உங்க கைய மடியில வெச்சுக்கோங்க" என்றார். அண்ணா, அம்மா அப்படி உட்கார்ந்து நீ பார்த்திருக்க மாட்டாய். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பிள்ளை அழுகிறான், அவள் சும்மா இருக்கிறாள். நான் ஜன்னல் வழியாக அவளைத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று சலிப்பு வந்து, அழுகை நின்று, விரலை வாயில் போட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்தான். கையைத் தூக்கினேன். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்க்கிறார், அவரும் மூச்சு விடவில்லை. கையை இறக்கினேன்.

ஐம்பத்து நான்கு. நர்சம்மா அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, எழுதி அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். நுரையீரலில் சளி இறங்க ஆரம்பித்துவிட்டது, இன்றைக்கே மாத்திரை போனால் வீட்டிலேயே சரியாகிவிடும், இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் ஆக்சிஜன் வைக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும் என்றார். அது இங்கிருந்து நாலு மணி நேரம். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், அறைக் குழாயில் தண்ணீர் இல்லை, டோக்கன் அண்ணன் தன் குடிநீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வேளையை அவன் அப்படியே ரிஜிஸ்டர் மேல் கக்கினான், அறுபது முதல் எழுபது வரை உள்ள டோக்கன்காரர்கள் எல்லோரும் ஆரஞ்சு நிறம். இரண்டாவது மாத்திரை உள்ளே போனது. அந்த மாத்திரை மூன்று வாரமாக இருப்பில் இல்லாமல் முந்தின நாள்தான் பெட்டி வந்ததாம். அதுக்கு முன்னாடி வந்த பிள்ளைங்களுக்கு என்ன பண்ணினீங்க என்று அம்மா கேட்டாள். நர்சம்மா ரிஜிஸ்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அம்மாவும் மறுபடி கேட்கவில்லை.

ஐந்து நாள், காலையும் மாலையும் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை முழுக்க அம்மா அவனைக் கீழே விடவில்லை. சனிக்கிழமை திரும்பக் காட்டினோம், தூங்குகிற பிள்ளையாகத் தூக்கிப் போனோம், முப்பத்து நான்கு, படம் இல்லாத முப்பத்து நான்கு. அப்பாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது "ஒரு நிமிஷம் முழுக்கவா அசையாம இருந்தான்?" என்பதுதான், கண்ணில் ஒரு வெளிச்சம் வேறு. அம்மா பார்த்த பார்வையில் அருவித் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, முக்காலியைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். இப்போது வெளிச்சம் பார்க்க நான்தான் உட்காருகிறேன், ஒரு படத்திலும் ஒழுங்காக விழவில்லை, அப்பா இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கொள்கிறார். இன்று காலை கடைக்குட்டி என் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றான். அழுதேன் என்று எழுதாதே என்கிறாள் அம்மா, அழுதது அவள்.

இனி உன் சேதி. போன கடிதத்தோடு நீ வேலை பார்க்கிற குவாரியில் அந்தக் கல் உடைக்கிற இயந்திரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படம் ஒன்று வைத்திருந்தாயே, அதை அம்மா நேற்று கையில் எடுத்துப் பார்த்தாள். நன்றாக நிமிர்ந்து நிற்கிறாய், நல்ல சிரிப்பு, அப்பாகூட மோவாய் சரியாக இருக்கிறது என்றார். அம்மா அந்தச் சிரிப்பைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மீதியை மட்டும் பார்த்தாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தெரிகிறது, கண்ணுக்கு அடியில் கறுத்திருக்கிறது, புருவமெல்லாம் கல் தூசி. நீயும் அந்த முக்காலியில் உட்கார்ந்து வளர்ந்தவன்தானே. இனி வருவது அம்மா வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொன்னது, நான் கை வைக்கவில்லை, இதில் மட்டும் "எனக்கு" என்றால் அம்மாவுக்கு: மகனே, நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் நன்றாக இருக்கிறேன், கவலை வேண்டாம் என்று இருக்கிறது, ஒன்றில்கூட இருமல் என்று இல்லை, தூசியில் வேலை செய்கிறவனுக்கு இருமலே வராதா? எனக்குச் சமத்துப் பிள்ளை வேண்டாம். நர்சம்மாவிடம் கேட்டு வந்திருக்கிறேன், பெரியவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு இருபதுக்குள் இருக்க வேண்டுமாம். வேலை முடிந்து வந்து, கால் கழுவி, கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு, கூட இருக்கிறவன் யாரையாவது உனக்குத் தெரியாமல் எண்ணச் சொல். நீயே எண்ணாதே, உன்னை எனக்குத் தெரியும். வருகிற எண்ணை அப்படியே எழுது. ராத்திரியில் எத்தனை தடவை இருமி எழுந்திருக்கிறாய், சாப்பாடு இறங்குகிறதா, முகத்துக்குக் கட்டத் துணி கொடுக்கிறார்களா, இதெல்லாம் எழுது. எண் கூடுதலாக இருந்தால் லீவு கேள், கொடுக்காவிட்டால் கேட்காமல் பஸ் ஏறு.

நோய் நொடி இல்லாமல் பல்லாண்டு இரு, கை கால் முழுசாக வீடு வந்து சேர் என்று அம்மாவும், அருவித் திரையின் முன்னால் உனக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று அப்பாவும் ஆசி சொல்கிறார்கள். மறக்காதே, பதில் கடிதத்தின் முதல் வரியில் நலம் வேண்டாம், எண்தான் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
(கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்படாதே, போடும்போது கடைக்குட்டி பேனாவை இழுத்துவிட்டான். இழுக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.)